சூடு நிற்காத இஸ்திரிப் பெட்டி

பினாங்கின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பத்து வெள்ளிக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கினேன். விற்ற பெரியவர் எதையும் ஒளிக்கவில்லை. “நல்லா ஓடும் தம்பி, ஆனா சூடு நிக்காது” என்றார். சூடு தங்காது, சீக்கிரம் ஆறிவிடும் என்று நான் புரிந்துகொண்டேன். ஆயர் ஈத்தாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிளக்கைச் செருகி, ஒரு பழைய சட்டையின் முதுகில் வைத்தேன். நாலே நிமிடத்தில் புகை. அவர் சொன்னது வேறு: சூடு ஏறுவது நிற்காது.

பிரித்துப் பார்த்தால் கோளாறு ஒரே இடத்தில் இருந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில், அடித்தகட்டை ஒட்டினாற்போல், சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் உலோகப் பட்டை. அதன் நுனி போய்த் தள்ளும் இடத்தில் மெல்லிய செம்புத் தகடு, அந்தத் தகட்டில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளிப் பாயிண்ட். எதிரே அதே மாதிரி இன்னொன்று. இரண்டும் தொட்டால் கரண்ட் ஓடும், விலகினால் நிற்கும். இந்தப் பெட்டியில் இரண்டும் கருகி, உருகி, வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக் கிடந்தன. பட்டை மேல் குற்றம் சொல்ல முடியாது. சூடானதும் ஒழுங்காக வளைந்தது, தள்ளியது. பாயிண்ட்தான் விடவில்லை.

இரண்டு உலோகம் ஒட்டிய இந்த மாதிரிப் பட்டைக்குப் பைமெட்டல் என்று பெயர், அதை வைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்தான் தெர்மோஸ்டாட். பைமெட்டல் தெர்மோஸ்டாட்டின் கதை பெரும்பாலும் இந்த ஒட்டலைப் பற்றிய கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சூட்டில் வளையும் தகட்டை மனிதர்கள் கண்டுபிடித்து 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளிப் புத்தகம் அந்த வளைவைப் படம் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஆனால் வளைகிற தகட்டைச் சுவிட்ச் ஆக்கப் போனவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது வளைவதைப் பற்றி இல்லை. பிரிவதைப் பற்றி.

சரி, முதலில் ஏன் வளைகிறது? ஒரு மீட்டர் பித்தளைக் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் சுமார் 1.9 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு 1.2 மில்லிமீட்டர்தான் நீளும். இரண்டையும் தகடாக்கி முதுகோடு முதுகு ஒட்டிவிட்டால் பித்தளை நீளப் பார்க்கும், எஃகு விடாது. கடைசியில் பித்தளை வெளிப்பக்கம் வருமாறு பட்டை வளைந்துகொடுக்கும். திருப்பத்தில் மாட்டு வண்டியின் வெளிச் சக்கரம் அதிக தூரம் உருள்கிறதே, அதே கணக்கு. கூடுதலாக நீண்டதற்கு வெளிப்பக்கத்தில் இடம் கிடைத்துவிடுகிறது.

இந்த யோசனை முதலில் சுவிட்சுக்காக வரவில்லை, கடிகாரத்துக்காக வந்தது. ஜான் ஹாரிசன் தச்சு வேலையில் தொடங்கிக் கடிகாரத்துக்கு வந்த ஆங்கிலேயர். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று சொல்ல உதவும் கடிகாரத்துக்காக வாழ்நாளைச் செலவழித்தார். வெயில் ஏறினால் கடிகாரத்தின் சுருள்வில் தளர்ந்து நேரம் பின்தங்கும். 1740-ல் தொடங்கி ஏறக்குறைய 19 ஆண்டுகள் அவரைப் படுத்தி எடுத்த மூன்றாவது கடிகாரத்தில், பித்தளையும் எஃகும் சேர்த்து ரிவெட் அடித்த ஒரு பட்டையை வைத்தார். சூட்டுக்குத் தகுந்தபடி அது வளைந்து, சுருள்வில்லின் வேலை செய்யும் நீளத்தைக் கூட்டிக் குறைத்தது. பரிசுப் பணம் என்னவோ அவருடைய நான்காவது கடிகாரத்தால்தான் வந்தது. ஆனால் மூன்றாவதில் இருந்த அந்தப் பட்டை அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அங்கே அது எதையும் வெட்டிவிட வேண்டியதில்லை. மெதுவாக, இதமாக வளைந்தாலே போதும்.

தெர்மோஸ்டாட் என்ற பெயரை வைத்தவர் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலர். 1830-ல் பைமெட்டலை வைத்து வெப்பத்தைத் தானே அடக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். கிரேக்கத்தில் தெர்மோஸ் என்றால் சூடு, ஸ்டாட்டோஸ் என்றால் நிற்பது. சூட்டை நிற்கவைப்பது. லோரோங் கூலிட் பெரியவர் கிரேக்கம் படித்திருக்க மாட்டார். ஆனாலும் என் பெட்டியில் எது செத்துப்போயிருந்ததோ அதைப் பெயர் சொல்லித்தான் விற்றிருக்கிறார்.

மின்சாரம் வந்ததும் விஷயம் மாறியது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆசிரியர் வாரன் ஜான்சன் 1883-ல் காப்புரிமை பெற்ற கருவி ஒரு மணியைத்தான் அடித்தது. வகுப்பறையின் சூடு மாறினால் கீழே கொதிகலன் அறையில் இருக்கும் ஆளுக்கு மணி கேட்கும், அவர் போய் வால்வைத் திருப்ப வேண்டும். சூட்டை உணர்வது தகடு, செயல்படுவது மனிதன். எங்கள் தாத்தா காலத்தில் இரண்டுமே மனிதன்தான். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில், தோபி காட்டில், அவர் கரிப் பெட்டியால் தேய்த்தவர். விரலை நீரில் நனைத்து அடித்தகட்டில் ஒரு சொட்டு உதறுவார். ‘சுர்ர்’ என்று இழுத்தால் பருத்திக்கு ஆகும். சொட்டு முத்தாக உருண்டு ஓடினால் சூடு மீறிவிட்டது, ஈரத் துணியில் ஒரு தடவை இழுத்து ஆற்ற வேண்டும். பட்டுக்கு எப்படிப் பார்ப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

வீட்டுச் சாமானுக்குள் வைக்கிற அளவுக்குப் பைமெட்டல் நல்ல சரக்கானது சார்ல் எத்துவார் கியோம் என்ற சுவிஸ்காரரால். 1896-ல் அவர் இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்த்த கலவை ஒன்று ஏறக்குறைய நீளவே நீளாது என்று கண்டார். ஒரு மீட்டரை 100 டிகிரி சூடாக்கினால் 0.1 மில்லிமீட்டரும் கொஞ்சமும், அவ்வளவுதான். மாறாதது என்ற பொருளில் இன்வார் என்று பெயர் வைத்தார்கள். இதற்காக அவருக்கு 1920-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டுக்குரிய பரிசு ஐன்ஸ்டைனுக்குப் போனது. இன்று சிலருக்கு இந்த வரிசை வேடிக்கையாகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. பித்தளையும் எஃகும் நீளுவதில் உள்ள வித்தியாசம் மீட்டருக்கு 0.7 மில்லிமீட்டர்தான். எஃகை எடுத்துவிட்டு இன்வாரைப் போட்டால் அது 1.8 ஆகிறது. அதே சூட்டுக்கு இரண்டரை மடங்கு வளைவு. ஒரு குறையும் உண்டு. 200 டிகிரிக்கு மேலே போனால் இன்வாரும் மற்ற உலோகங்களைப் போல நீளத் தொடங்கும், அங்கே நிக்கலைக் கூட்டிய வேறு கலவை வேண்டும்.

இரண்டு உலோகத்தை ஒட்டும் கலையைத் தமிழ் வீடுகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ரோல்டு கோல்டு நகை என்கிறோமே, அதே வித்தைதான். தங்கத் தகட்டையும் மட்ட உலோகத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கனத்த உருளைகளுக்கு நடுவே பெரும் அழுத்தத்தில் தள்ளினால் பசையோ ரிவெட்டோ இல்லாமல் இரண்டும் ஒன்றாகிவிடும். பைமெட்டல் தகடும் இப்படித்தான் வருகிறது. இது வெறும் உவமை இல்லை. அமெரிக்காவில் அட்டில்பரோ என்ற நகைத்தொழில் ஊரில் தகட்டு நகைக்கு மூலப்பொருள் உருட்டித் தந்த ஜெனரல் பிளேட் கம்பெனியும், தெர்மோஸ்டாட் செய்த ஸ்பென்சர் கம்பெனியும் 1931-ல் ஒன்றாகச் சேர்ந்தன. ஸ்பென்சரைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

எவ்வளவு வளையும் என்ற கணக்கை 1925-ல் ஸ்டீபன் டிமொஷென்கோ எழுதிக் கொடுத்தார். இன்றைய உக்ரைனில் பிறந்து அமெரிக்கா போன பொறியியலர். அவருடைய சூத்திரத்தை இங்கே எழுதப் போவதில்லை, விளைவை மட்டும் சொல்கிறேன். 5 சென்டிமீட்டர் நீளமும் மொத்தம் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பித்தளை-இன்வார் பட்டையின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு 100 டிகிரி சூடாக்கினால், மறுமுனை சுமார் 3.4 மில்லிமீட்டர் நகரும். வெறும் பித்தளைப் பட்டையாக இருந்தால் அதே சூட்டுக்கு 0.1 மில்லிமீட்டர்கூட நீளாது. முப்பது மடங்குக்கு மேல் பெருக்கம், அதுவும் பல்சக்கரம், நெம்புகோல் எதுவும் இல்லாமல். நீளத்தை இரட்டித்தால் நகர்வு நாலு மடங்காகும், தடிமனைப் பாதியாக்கினால் இரண்டு மடங்காகும். அதனால்தான் அடுப்பு வெப்பமானிகளில் நீண்ட பட்டையைச் சுருளாகச் சுற்றி வைக்கிறார்கள். ஆனால் சும்மா எதுவும் கிடைப்பதில்லை. நீளமும் மெலிவும் கூடக்கூட முனை தள்ளும் பலம் குறைந்துகொண்டே போகும். தூரமா, பலமா என்று வடிவமைப்பவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இனி வில்லங்கத்துக்கு வருவோம். 100 டிகிரிக்கு 3.4 மில்லிமீட்டர் என்றால் ஒரு டிகிரிக்கு 0.034. இஸ்திரிப் பெட்டி விநாடிக்கு ஒரு டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பாயிண்டுக்கு நடுவே ஒரு தலைமுடி நுழையும் அளவுக்கு இடைவெளி விழவே இரண்டு விநாடி ஆகும். அந்த இரண்டு விநாடியும் 240 வோல்ட் சும்மா இருக்காது. மெல்லிய காற்றிடைவெளியைத் தாண்டி ஒரு குட்டி மின்னல் பாயும். அதன் சூடு ஆயிரக்கணக்கான டிகிரி. வெள்ளி 962 டிகிரியில் உருகிவிடும். நம் வீட்டு மாறுமின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் பொறி ஒவ்வொரு முறையும் அணையத்தான் செய்கிறது. ஆனால் இடைவெளி முடியளவு இருக்கும்போது அடுத்த நொடியே திரும்பப் பற்றிக்கொள்கிறது. (நேர்மின்சாரத்தில் அந்தப் பூஜ்யமும் இல்லை. 250 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு என்று அச்சடித்த தெர்மோஸ்டாட்டை எடுத்து சோலார் பேனல் சர்க்யூட்டில் போடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.)

இது பிரியும்போது. சேரும்போதும் இதே தொல்லைதான். ஆறிக்கொண்டே வரும் பட்டை மெல்ல மெல்ல நெருங்கும், தொட்டும் தொடாமலும் நடுங்கும். மேசையில் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பாயிண்ட் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் யாராவது துணி தேய்த்தால் எங்கள் ரேடியோவில் தமிழ்ப் பாட்டுக்கு நடுவே கரகரவென்று இரைச்சல் வரும். அம்மா ரேடியோவைத் திட்டுவார். அது பக்கத்து வீட்டுப் பாயிண்ட் தேய்ந்துகொண்டிருந்த சத்தம்.

ஆக, மெதுவாக வளைகிற ஒன்றை வைத்துக்கொண்டு வெடுக்கென்று வெட்ட வேண்டும். இதற்குப் பல பேர் பல வழி கண்டார்கள். பாயிண்டுக்குப் பக்கத்தில் சின்னக் காந்தம் வைத்தால், பட்டை நெருங்கும்போது கடைசித் தூரத்தைக் காந்தம் சட்டென்று இழுத்துக்கொள்ளும். பிரியும்போதும் பலம் சேர்ந்து காந்தத்தை மீறுகிற கணத்தில் பட்டை துள்ளி விலகும். இன்னொரு வழி, பைமெட்டல் சுருளின் முனையில் பாதரசம் அடைத்த கண்ணாடிக் குப்பியை மாட்டுவது. குப்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும், ஒரு கட்டத்தில் பாதரசத் துளி மறுபக்கம் உருண்டு ஓடிவிடும். 1953-ல் வந்த ஹனிவெல் வட்டத் தெர்மோஸ்டாட் இந்த வகை. அழகான ஏற்பாடு, ஆனால் இன்று வீட்டுச் சுவரில் பாதரசத்தை மாட்ட யாரும் விரும்ப மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விடை ஜான் ஆல்பி ஸ்பென்சர் கண்டது. சிறுவனாக இருந்தபோது அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இரவு நேரம் கொதிகலனுக்கு விறகு போடும் வேலை அவருக்கு. கொதிகலனின் இரும்புக் கதவு சற்றுக் குழிந்த வடிவம். சூடு ஏறினால் அது ‘டொக்’ என்று வெளியே புடைக்கும், ஆறினால் ‘டொக்’ என்று பழையபடி உள்ளே போகும். பையன் அந்தச் சத்தத்தைக் கேட்டே விறகு போட்டான் என்பார்கள். நடுவில் தூங்கவும் செய்திருப்பான், யார் கண்டது. வளர்ந்த பிறகு அந்தக் கதவை நாணய அளவுக்குச் சுருக்கிப் பைமெட்டலில் செய்து பார்த்தார். 1920-களில் அது ஸ்பென்சர் வில்லை ஆயிற்று.

மைலோ டின்னின் மூடியையோ ஜாம் பாட்டில் மூடியின் நடுவையோ பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்ச தூரம் எதிர்க்கும், அப்புறம் ஒரே தாவலாக உள்ளே போய்விடும். பாதி வழியில் நிறுத்திவைக்க முடியாது. குழிந்த தகட்டுக்கு இரண்டு நிலைதான் சௌகரியம், இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். ஸ்பென்சர் வில்லையில் பெருவிரலுக்குப் பதில் சூடு அழுத்துகிறது. அதிகம் நீளும் உலோகம் குழிந்த பக்கத்தில் இருக்கும். சூடேற ஏற அது தட்டையாகப் பார்க்கும், ஆனால் விளிம்பு பிடித்துக்கொண்டு விடாது. இறுக்கம் உள்ளுக்குள் சேர்ந்துகொண்டே போகும். பிறகு ஒரு கணத்தில் வில்லை முழுக்கப் புரண்டு, ஒரு சின்னப் பீங்கான் குச்சி வழியாகப் பாயிண்டைத் தள்ளிவிடும். அதுதான் ‘டிக்’. அந்தச் சத்தம் கேட்டு முடிவதற்குள் பாயிண்ட் விலகியாகிவிட்டது.

இந்த வில்லை திரும்பிப் புரள்வது அதே சூட்டில் நடக்காது. 80 டிகிரியில் வெட்டினால் 60 டிகிரிக்கு ஆறிய பிறகுதான் திரும்பச் சேரும், அல்லது 65. எவ்வளவு இடைவெளி என்பது வில்லையை எவ்வளவு குழித்து அடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. இதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இது இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட்டே இல்லை. 80-ல் வெட்டி 79-ல் சேர்ந்தால் நிமிடத்துக்குப் பத்து முறை டிக் டிக் என்று அடித்துக்கொண்டு ஒரு மாதத்தில் பாயிண்ட் தேய்ந்துவிடும். ஆழமாகக் குழித்தால் இடைவெளி கூடும், தாவலும் பலமாக இருக்கும். ஆனால் சூடு மிகவும் ஏறி இறங்கும். துணி தேய்க்க அது சரிப்படாது, பாதுகாப்புக்கு வைக்கும் கட்-அவுட்டுக்குச் சரி. இன்னொன்று: வில்லையின் சூடு ஆலையில் அடிக்கும்போதே நிர்ணயமாகிவிடுகிறது, அப்புறம் திருகி மாற்ற முடியாது. இஸ்திரிப் பெட்டியில் நமக்குக் குமிழ் வேண்டியிருப்பதால் அங்கே இன்னமும் பட்டைதான், தாவலுக்குத் தனியாக ஒரு ஸ்பிரிங் தகடு.

ஸ்பென்சர் சேர்ந்த அந்தக் கூட்டுக் கம்பெனியை 1959-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கிக்கொண்டது. ஆம், கோலாலம்பூரில் சிப் ஆலை வைத்திருக்கும் அதே கம்பெனி. 2006-ல் அந்தப் பிரிவை விற்றுவிட்டது, இப்போது அது சென்சாட்டா. சிப் உலகத்தைக் கட்டிய கம்பெனி ஒன்று அரை நூற்றாண்டு அந்தத் தகர வில்லையையும் கைவிடாமல் விற்றுக்கொண்டிருந்தது என்பது பாயான் லெப்பாஸ் சிப் ஆலையில் வேலை செய்யும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

வில்லையின் சாமர்த்தியத்தைப் பார்க்க நல்ல இடம் ஃபிரிட்ஜின் பின்புறம். கம்ப்ரசரின் பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் உருண்டையை ரிப்பேர்காரர்கள் ஓவர்லோட் என்பார்கள். உள்ளே ஒரு ஸ்பென்சர் வகை வில்லை, அதற்கு அடியில் சின்னச் சூட்டுக் கம்பி. மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுவதும் இவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். மோட்டார் சுழலாமல் திணறினால் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். கம்பி சிவக்கும், வில்லை புரளும், ‘டிக்’. அதே வில்லை கம்ப்ரசரின் வெளிக்கூட்டைத் தொட்டுக்கொண்டும் இருப்பதால், கூடு மிகவும் சூடாக இருந்தால் சீக்கிரமாகவே புரண்டுவிடும். கரண்டையும் சூட்டையும் ஒரே தகடு கூட்டிப் பார்த்து முடிவெடுக்கிறது. சமையலறையில் ‘ம்ம்ம்’ என்று சில விநாடி முனகல், அப்புறம் ஒரு டிக், சில நிமிடம் அமைதி, திரும்ப முனகல் என்று கேட்டால் ஓவர்லோட் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அது மட்டும்தான் வேலை செய்கிறது, கோளாறு மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலேயிலோ கம்ப்ரசரிலோ இருக்கிறது. மத்தியான வெயிலில், பின்பக்கக் கம்பிகளில் தூசி அப்பிய ஃபிரிட்ஜுக்கு இது அடிக்கடி வரும். தூசியைத் துடைத்தாலே சிலது சரியாகிவிடும்.

எங்கே வைப்பது என்பதுதான் பாதி வடிவமைப்பு. இதற்கு எலெக்ட்ரிக் கெட்டிலைவிட நல்ல உதாரணம் கிடையாது. தண்ணீர் கொதித்ததும் நிற்க வேண்டும், அவ்வளவுதானே, 100 டிகிரியில் புரளும் வில்லையைத் தண்ணீருக்கு அடியில் ஒட்டினால் முடிந்தது என்று தோன்றும். அந்தக் கெட்டிலை எடுத்துக்கொண்டு பினாங்கின் கொடிமலை ஏறுங்கள். 833 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீட்டில் 95. எவ்வளவு நேரம் கொதித்தாலும் தண்ணீர் அதற்கு மேல் போகாது, வில்லை புரளாது, கெட்டில் வற்றும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு 1955-ல் ரஸ்ஸல் ஹாப்ஸ் கெட்டில் கொண்டுவந்த வழி, தண்ணீரை விட்டுவிட்டு ஆவியைப் பிடிப்பது. கொதிக்காத தண்ணீரிலிருந்து ஆவி வேகமாக வராது. கொதித்ததும் குப்பென்று கிளம்பும் ஆவியை ஒரு துவாரம் வழியாகப் பைமெட்டல் மேல் படவிட்டால் போதும். மலையோ கடற்கரையோ, கொதித்தால் ஆவி வரும். இன்றைய கெட்டிலில் கைப்பிடிக்குள்ளோ உடலுக்குள்ளோ ஒரு குழாய் ஆவியை வில்லைக்குக் கொண்டுபோகிறது. மூடியைச் சரியாக மூடாமல் விட்டால் கெட்டில் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது என்று இப்போது புரியும். ஆவி மேலே போய்விடுகிறது, வில்லைக்குச் செய்தியே வரவில்லை.

இந்தக் கெட்டில் சுவிட்சுகளை நம் வீட்டுக்கெல்லாம் கொண்டுவந்ததில் பெரிய பங்கு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவைச் சேர்ந்த ஜான் டெய்லருக்கு. அவருடைய அப்பா எரிக் டெய்லர் இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் மின்சூட்டு உடைக்குத் தெர்மோஸ்டாட் செய்தவர். மகன் ஸ்ட்ரிக்ஸ் என்ற கம்பெனி வழியாகக் கெட்டிலுக்கு வந்தார். ஆவிக்கு ஒரு பைமெட்டல், தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் அடித்தகட்டைக் காப்பாற்ற இன்னொன்று, அதுவும் தவறினால் உருகி விழுந்து பாயிண்டைப் பிரித்துவிடும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அந்தப் பிளாஸ்டிக் துண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். டிக் டிக்கில் சம்பாதித்த பணத்தில் டெய்லர் 2008-ல் கேம்பிரிட்ஜில் ஒரு விசித்திரமான தங்கநிறக் கடிகாரத்தை நிறுவினார். அதன் மேலே ஒரு பெரிய வெட்டுக்கிளி உட்கார்ந்து விநாடிகளைத் தின்கிறது. கடிகாரச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் வெட்டுக்கிளி விசை என்பது ஹாரிசனின் கண்டுபிடிப்பு. பைமெட்டல் தந்தவருக்குப் பைமெட்டலால் பணக்காரர் ஆனவர் வைத்த நன்றிக்கடன் அது.

ரைஸ் குக்கரில் பைமெட்டல் தோற்றுப்போனது. 1955 டிசம்பரில் டோஷிபா விற்பனைக்கு விட்ட முதல் குக்கரை உருவாக்கியவர் யோஷிததா மினாமி. சோற்றைத் திரும்பத் திரும்ப வடித்துச் சோதித்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. பானைக்குள் பானை. வெளிப்பானையில் ஒரு குவளை தண்ணீர். அது வற்ற ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது. வற்றியதும் மளமளவென்று ஏறும், பைமெட்டல் வெட்டும். சோறு வெந்ததா என்று குக்கர் பார்ப்பதே இல்லை, தண்ணீர் தீர்ந்ததா என்றுதான் பார்க்கிறது. பிறகு வந்த சாதாரண ஒற்றைப் பானைக் குக்கர்களிலும் அதே தந்திரம்தான், ஆனால் தகட்டின் இடத்தில் காந்தம் வந்துவிட்டது. பானையின் அடியில் நடுவே ஸ்பிரிங் மேல் ஆடும் பொத்தான் இருக்கிறதே, அதற்குள் ஒரு ஃபெரைட் துண்டு. 103 டிகிரி அளவில் அது காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை இழந்துவிடும். நாம் அழுத்திய நெம்புகோல் அதோடு ஒட்டி நின்ற காந்தத்தோடு சேர்ந்து ‘டக்’ என்று விழும். வெடுக்கென்ற வெட்டு இங்கே தானாகவே வந்துவிடுகிறது, வில்லை அடிக்கும் வித்தை தேவையில்லை. பைமெட்டலுக்குச் சோற்றைச் சூடாக வைத்திருக்கும் வேலை மட்டும் மிஞ்சியது.

மெயின் பெட்டியில் உள்ள சர்க்யூட் பிரேக்கரிலும், பழைய டியூப் லைட்டின் ஸ்டார்ட்டரிலும் இதே தகடு உண்டு. அவற்றைத் தனியாக எழுத வேண்டும்.

இப்போது மைக்ரோகண்ட்ரோலர் காலம். ஆலையில் நான் பராமரிக்கும், சிப்புகளைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் பர்ன்-இன் அடுப்புகள் சிப்புகளை 125 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்திருக்கும். சூட்டைப் பிடித்து நிறுத்துவது சென்சாரும் மென்பொருளும்தான், ஒரு டிகிரி பிசகாது. ஆனால் அந்த மென்பொருளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், தனியாக, மேலே ஒரு கட்-அவுட்டும் உட்கார்ந்திருக்கும். வீட்டு வாட்டர் ஹீட்டரிலும் அப்படித்தான். பைமெட்டலுக்கு மின்சாரம் வேண்டாம், நிரல் வேண்டாம், அது தொங்கிப்போய் ரீசெட் கேட்காது. என் தங்கை வீட்டு ஹீட்டர் அடிக்கடி நிற்கிறது என்று வந்த ரிப்பேர்காரர் கட்-அவுட்டின் இரண்டு முனையையும் ஒரு ஒயரால் இணைத்து ஜம்பர் போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஹீட்டர் நிற்காமல் ஓடியது. நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் வரும் வடிகட்டியில் துரு அடைத்திருந்தது, நீர் போதாமல் சூடு ஏறியிருக்கிறது. பாவம், கட்-அவுட் ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஜம்பரைப் பிடுங்கி, வடிகட்டியைக் கழுவினேன்.

சந்தை இஸ்திரிப் பெட்டிக்கு வருகிறேன். ஒட்டிய பாயிண்டை மெல்லிய பிளேடால் பிரித்தேன். நுனியில் பள்ளம், எதிரில் மேடு. உப்புத்தாள் போட்டால் வெள்ளி முலாம் போய்விடும் என்று பயந்தேன். கெட்டி வெள்ளிதான், தாங்கியது. ஸ்பிரிங் தகடு சூட்டில் தளர்ந்து துள்ளலை இழந்திருந்தது, முதல் குற்றவாளி அதுதான். இன்னொரு செத்த பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்தினேன். குமிழின் நடுவே உள்ள சின்னத் திருகுதான் அளவைச் சரிசெய்யும் இடம். பெட்டிகளில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 என்பது ஏற்பாடு. இரண்டு புள்ளியில் வைத்து, மீட்டரின் வெப்பமுனையை அடித்தகட்டில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். முதல் டிக் 171-ல் கேட்டது. முதல் சுற்றில் அப்படித்தான் தாண்டும், தகடு சூட்டை உணர்வதற்குள் அடித்தகடு முந்திக்கொண்டு போய்விடும். ஆறி, 138-ல் சேர்ந்தது. அடுத்த டிக் 158. கால் சுற்றுக் குறைத்தேன். விரலை நனைத்து ஒரு சொட்டு உதறினேன், ‘சுர்ர்’ என்று இழுத்தது. அம்மா அடுப்படியிலிருந்து என்ன கருகுகிறது என்று கேட்டார்.